பத்து வெள்ளியும் நிலப்பட்டாவும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழா மேடையில் வறுமையைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தானா என்று சிலர் எண்ணக்கூடும். காவடியும் பால்குடமும் அன்னதானமும் கண்ணுக்கும் மனத்துக்கும் நிறைவு தரும் வேளையில் இல்லாமையைப் பற்றிய பேச்சு எதற்கு எனக் கேட்கலாம். ஆயினும், ரஹாங் வட்டாரத்திலும் அதைச் சூழ்ந்த நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களிலும் கோயில்கள் எழுந்த விதத்தை நினைத்துப் பார்ப்போருக்கு இக்கேள்வி எழாது. அக்கோயில்களைக் கட்டியோர் செல்வந்தர்கள் அல்லர். சம்பள நாளன்று கிராணியின் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்று, கைக்கு வந்த தொகையிலிருந்து ஐம்பது காசையோ ஒரு வெள்ளியையோ கோயில் சந்தாவாக எண்ணிக் கொடுத்த பால்வெட்டுத் தொழிலாளர்கள் அவர்கள். பல தோட்டங்களில் அத்தொகை சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளப்பட்டது. அவ்வாறு சேர்ந்த காசிலேதான் தகரக் கொட்டகை செங்கல் கோயிலாயிற்று. சூலம் நட்ட இடத்தில் மாரியம்மன் சிலை வந்தது. ஆண்டுதோறும் திருவிழா நடந்தது.

இதை முதலில் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றபோது, அவற்றின் வறுமைக்குக் காரணம் தேடிய பொருளியல் அறிஞர்கள் ஒரு கருத்தை முன்வைத்தனர். ரக்னர் நர்க்சே என்பார் 1953-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அதனை ‘வறுமையின் நச்சுச் சுழல்’ என்னும் பொருளில் விளக்கினார். ஏழைக்கு வருமானம் குறைவு. ஆகவே சேமிப்பு இல்லை. சேமிப்பு இல்லாததால் முதலீடு இல்லை. முதலீடு இல்லாததால் வருமானம் உயர்வதில்லை என்பதே அதன் சாரம். ஒரு நாட்டின் கணக்கைப் பார்க்கும்போது இதில் உண்மை இருக்கலாம். ஆனால், ஏழைக்குச் சேமிக்கவே தெரியாது, இயலாது என்று இதற்குப் பொருள் கொண்டால், அந்தக் கூற்றைத் தோட்டப்புறத்துக் கோயில் ஒவ்வொன்றும் மறுத்து நிற்கிறது. சேமிப்பு இருந்தது. அச்சேமிப்பு எதன்மீது போய் நின்றது, எவர் பெயரில் பதிவாயிற்று என்பதே ஆராய வேண்டிய செய்தி.

வறுமையை அளப்பதற்கு உலகில் பல அளவுகோல்கள் உண்டு. நாளொன்றுக்கு ஒரு டாலர் என்னும் கணக்கை உலக வங்கி 1990-இல் புழக்கத்திற்குக் கொண்டுவந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே மலாயாவின் பேரறிஞர் உங்கு அசிஸ் மிக எளிய அளவுகோல் ஒன்றைச் சொன்னார். ஒரு வீட்டில் உள்ள கைலிகளை எண்ணுக. அவ்வீட்டில் ஒரு வயதுக்கு மேற்பட்டோர் எத்தனை பேரோ அத்தொகையால் வகுக்க. ஆளுக்கு ஒன்றுகூட வராவிட்டால் அவ்வீடு வறுமையில் உள்ளது என்றார். கைலி உடையாகவும் போர்வையாகவும் குழந்தைக்குத் தொட்டிலாகவும் பயன்படுவது. ஆகவே, அந்தக் கணக்கு கேலிக்குரியதன்று. கம்பத்து மக்களைக் கண்ணால் கண்டவரின் கணக்கு அது.

தோட்டத்து வீட்டில் அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும்? பெரும்பாலும் ஆளுக்கு ஒன்று தேறியிருக்கும். வேட்டியும் சேலையும் தீபாவளிக்கு வந்துவிடும். அரிசி கடனுக்குக் கிடைக்கும். லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. தண்ணீர், ஆயாக் கொட்டகை, மருந்தகம், தமிழ்ப்பள்ளி, கோயில், ஏன், கள்ளுக்கடைகூட, எல்லாம் தோட்ட எல்லைக்குள்ளேயே இருந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் குறையொன்றும் இல்லை. ஆனால், அத்தனையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் பள்ளி போகும். பள்ளி போனால் பிள்ளையின் எதிர்காலமும் கோயிலைச் சுற்றிய ஊரும் போய்விடும். கைலிகளை எண்ணினால் தெரியாத வறுமை இது.

வருமானமோ நிலையற்றது. விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, வெயில் ஏறுமுன் நானூறு ஐந்நூறு மரங்களை வெட்டி முடித்து, மங்குகளிலிருந்து பாலைச் சேகரித்து, காண்டா வாளி சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு சேர்ப்பது அன்றாட வேலை. காலையில் மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும். அன்று வெட்டு இல்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் இலையுதிர்ந்தால் பால் குறையும். உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தால் அதுவும் சம்பளத்தைத் தொடும். கொரியப் போரின்போது விலை உச்சிக்கு ஏறியதும், பிறகு சறுக்கியதும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் முடிவாயின. அதன் விளைவு மட்டும் சிலியாவிலும் லாபுவிலும் மம்பாவிலும் உள்ள அடுப்புகளில் தெரிந்தது. ஏற்றுமதிப் பொருள் ஒன்றையே நம்பி வாழும் ஏழை நாடுகள் பலவற்றின் கதையும் இதுவே. கானாவில் அது கொக்கோ; இலங்கையில் தேயிலை.

இந்நிலையை மாற்றத் தொழிற்சங்கம் செய்த பணியைக் குறைத்து மதிப்பிட இயலாது. பி.பி. நாராயணன் தம் தொழிற்சங்க வாழ்வைத் தொடங்கியது இந்த நெகிரி செம்பிலான் மண்ணில்தான். பின்னர் 1954-இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1962-இல் அவருக்கு மகசாசே விருது கிடைத்தது. முதலாளியின் முன் கைகட்டி நின்றவன், மேசைக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்து பேரம் பேசும் நிலை வந்தது. 1951-இல் ஊழியர் சேமநிதிச் சட்டமும் வந்துவிட்டதால், முதுமைக்கென ஒரு தொகை தொழிலாளியின் பெயரில் சேரத் தொடங்கியது. சம்பளம் உயர்ந்தது, மருத்துவ வசதியும் விடுமுறையும் கிடைத்தன. ஆயினும், ஒப்பந்தத்தின் எந்த வரியிலும் வீடு தொழிலாளிக்குச் சொந்தம் என்று எழுதப்படவில்லை.

அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1950-களில் ஐரோப்பியக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. நாடு விடுதலை பெறப்போகும் வேளையில் முதலீட்டின் எதிர்காலம் பற்றிய அச்சம் ஒரு காரணம். மரங்கள் கிழடாகிவிட்டன என்பது மற்றொரு காரணம். பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்தால் பால் கிடைக்க ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போவது அவர்களுக்கு இலாபமாயிற்று. வாங்கியோர் பெரும்பாலும் வணிகக் கூட்டாளிகள். அவர்கள் தோட்டத்தை மொத்தமாக வாங்கி, துண்டு துண்டாகப் பிரித்துப் பலருக்கு விற்றனர். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வாங்கியவருக்கு லயமும் வேண்டாம், ஆயாக் கொட்டகையும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம். குத்தகைக்கு ஆள் பிடித்து வேலை வாங்கினால் போதும். தோட்டத் துண்டாடல் என்று அந்நாளில் தமிழ் ஏடுகள் எழுதிய கொடுமை இதுவேயாகும். இதனை முறையாக ஆராய்ந்து பெரிய ஆய்வறிக்கையாக அளித்தவரும் அதே உங்கு அசிஸ்தாம். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை அவர் அதில் பதிவு செய்துள்ளார்.

ஒரு தலைமுறையே உழைத்த இடத்தில், பெட்டியும் படுக்கையுமாகச் சாலையோரத்தில் நிற்கும் நிலை அது. அவர்கள் செய்த பிழை யாது? எதுவும் இல்லை. வேலையில் குறை வைக்கவில்லை. கோயிலுக்குக் கொடுக்கத் தவறவில்லை. நிலம் மட்டும் அவர்கள் பெயரில் இல்லை.

இவ்விடத்தில்தான் துன் வீ.தி. சம்பந்தன் அவர்களின் பெயர் வருகிறது. அன்னார் அப்போது அமைச்சர், ம.இ.கா.வின் தலைவர். சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டம் கொண்ட குடும்பத்தில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். துண்டாடலைத் தடுக்கச் சட்டம் ஒன்று வேண்டும் என்று கேட்பது ஒரு வழி. அவர் வேறு வழியையும் நாடினார். விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கினால் என்ன என்பதே அந்த வழி. 1960-ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவு பெற்றது. பங்கு 100 வெள்ளி. ஆனால், முதலில் பத்து வெள்ளி கொடுத்துச் சேரலாம். மீதியைத் தவணையாகக் கட்டலாம்.

இன்று பத்து வெள்ளி ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போதாது. அன்று அது பால்வெட்டுத் தொழிலாளியின் சில நாள் உழைப்பு. அதைக் கேட்டுத்தான் தோட்டம் தோட்டமாகச் சென்றார் துன் சம்பந்தன். பெரட்டுக் களத்திலும் பள்ளிக் கொட்டகையிலும் கோயில் முன்றிலிலும் கூட்டம் போட்டுப் பேசினார். தொழிலாளி தோட்டம் வாங்குவதா என்று நகைத்தோரும் உண்டு. அந்த நகைப்பில் வியப்பில்லை. கூலிக்கு வந்தவன் கூலியாகவே இருப்பான் என்ற எண்ணம் துரைமார்களுக்கு மட்டும் இருந்ததன்று. கூலி வேலை செய்தோர் மனத்திலும் அது ஊறியிருந்தது. 1961-இல் கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டங்கள் சேர்ந்தன. 1979-இல் துன் சம்பந்தன் மறையும்போது, பத்து வெள்ளியில் தொடங்கிய அச்சங்கம் நாட்டின் பெரிய இந்தியக் கூட்டுறவு நிறுவனமாக வளர்ந்திருந்தது. கோலாலம்பூரில் அவர் பெயர் தாங்கி நிற்கும் மாளிகை அச்சங்கத்தினுடையது.

கூட்டுறவு என்னும் கருத்து அவர் கண்டுபிடித்ததன்று. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர், பெரும்பாலும் நெசவாளர்கள், ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்துக் கடை தொடங்கியது உலகறிந்த செய்தி. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இல் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது. மலாயாவிலும் 1922 முதல் கூட்டுறவுச் சட்டம் இருந்தது. அஞ்சல், தந்தித்துறை ஊழியர்கள் அவ்வாண்டிலேயே சிக்கனச் சங்கம் அமைத்தனர். சம்பந்தனாரின் தனிச்சிறப்பு, கடைக்கும் கடனுக்கும் பயன்பட்ட அக்கருவியை நிலத்துக்குப் பயன்படுத்தியதேயாகும்.

தோட்டத்துத் தாய்மார்கள் இக்கருவியை வேறு பெயரில் ஏற்கெனவே அறிந்திருந்தனர். அதுதான் கூட்டு. பத்துப் பேர் மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையைக் கட்ட, முறைவைத்து ஒருவர் எடுப்பார். காதணி, பள்ளிச் சீருடை, மகளின் சடங்கு எல்லாம் கூட்டுப் பணத்தில் நடந்தன. இச்சொல் மலாய் மொழியிலும் புகுந்து ‘கூத்து’ என வழங்குகிறது. கூட்டு பிடித்தவர் ஓடிப்போன கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு. கூட்டை ஒரு தொழிலாக நடத்துவதைத் தடை செய்து 1971-இல் சட்டமே இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்னும் தமிழ்ச்சொல் இருப்பது பலர் அறியாத வேடிக்கை. கூட்டுக்கும் கூட்டுறவுக்கும் உள்ள வேறுபாடு பதிவேட்டில் உள்ளது. கூட்டில் நம்பிக்கை மனிதர்மீது. கூட்டுறவில் கணக்கு தணிக்கைக்கு உட்பட்டது, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு.

பதிவு மட்டும் காப்பாற்றிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 1986-இல் வைப்புத்தொகை பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகளை அரசு முடக்க வேண்டி வந்தது. 1982-இல் இந்தியச் சமுதாயத்தின் பொருளாதார மேம்பாட்டுக்கெனத் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தில், நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியோர் எதிர்பார்த்த பலனைக் காணவில்லை. தோட்டப்புறத்தில் இன்றும் ‘பங்கு’ என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் முதியோர் உள்ளனர். அவர்களைக் குறைகூற இயலாது.

நாட்டின் கொள்கைப் பக்கம் திரும்பினால், அங்கும் நிலமே மையமாக இருந்ததைக் காணலாம். 1956-இல் பெல்டா எனப்படும் நில மேம்பாட்டு வாரியம் நிறுவப்பட்டது. காடழித்து, ரப்பரோ செம்பனையோ நட்டு, குடும்பத்துக்கு ஏறத்தாழப் பத்து ஏக்கர் என ஒதுக்கி, வீடும் கட்டிக்கொடுத்து, செலவைத் தவணையில் திரும்பப் பெறும் திட்டம் அது. காலப்போக்கில் நிலம் குடியேறியவர் பெயருக்கு வரும். 1990 வரை ஒரு இலட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் அவ்வாறு குடியேறின. அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் நிலமற்ற மலாய்க் குடும்பத்தினர். நெகிரி செம்பிலானில் ஜெம்போல் மாவட்டத்துப் பாலோங் குடியேற்றங்கள் அதற்குச் சான்று. 1970-இல் தீபகற்ப மலேசியாவில் நூற்றுக்கு 49.3 விழுக்காட்டுக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன. இருபது ஆண்டுகளில் அது 15 விழுக்காடாகக் குறைந்தது. உலக நாடுகள் வியந்து பார்த்த இச்சாதனையில் தொழிற்சாலை வேலைவாய்ப்புக்கும் கல்விக்கும் பங்குண்டு. ஏழையின் பெயரில் நிலம் எழுதப்பட்டதற்கும் பெரும்பங்குண்டு. தோட்டத் தொழிலாளி இத்திட்டங்களின் கண்ணில் படாமல் போனதற்கு ஒரு காரணம், அவன் ஏற்கெனவே வேலையிலும் வீட்டிலும் இருப்பவனாகக் கணக்கில் காணப்பட்டதே. கம்பெனித் தோட்டம் தனியார் நிலம். அங்கே கிராம மேம்பாட்டு நிதி நுழைவதற்குக் கதவில்லை.

அதே ஜெம்போல் மாவட்டத்தில், பகாவை அடுத்து, தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு முயற்சி நடந்தது. 1970-களின் பிற்பகுதியில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், காட்கோ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தன் நிறுவனத்தின் வாயிலாக, மாநில அரசிடமிருந்து நாலாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றுக் குடியேற்றத் திட்டம் வகுத்தது. எண்ணம் உயர்ந்தது. லயத்தில் பிறந்தவன் தன் நிலத்தில் இறக்கட்டும் என்பதே அதன் நோக்கம். பல மாநிலங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் தம் சேமிப்பைக் கட்டிவிட்டு அங்கே சென்று குடியேறின. முதலில் கரும்பு நட்டார்கள். அது கைகொடுக்கவில்லை. பிறகு ரப்பருக்கு மாறினார்கள். இதற்கிடையில் நிறுவனம் கடனில் மூழ்கிக் கலைப்புக்கு உள்ளாயிற்று. நிலம் நிறுவனத்தின் பெயரில் இருந்ததால், நிறுவனத்தின் சொத்தாகவே அது வேறொரு கம்பெனிக்கு விற்கப்பட்டது. காடு திருத்தி, வீடு கட்டி, கோயில் எழுப்பி வாழ்ந்த குடியேறிகள், தங்கள் காலடியில் உள்ள மண் தங்களுடையதே என்பதை மெய்ப்பிக்க நீதிமன்றப் படிகளை ஏற வேண்டியதாயிற்று. 2010-களில் மண்வாரி இயந்திரங்களின் முன்னால் முதியவர்கள் மறித்து நின்ற காட்சி நாளேடுகளில் வந்தது.

புக்கிட் சிடிமையும் காட்கோவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வேதனைக்குரியதாயினும் பயனுள்ளது. இரண்டிலும் பணம் போட்டவர்கள் ஒரே மக்கள். இரண்டையும் தொடங்கியோரின் நோக்கத்திலும் குறையில்லை. ஓரிடத்தில் நிலத்தின் உரிமையாளர் உறுப்பினர்களின் சங்கமே; உறுப்பினரே அதன் உரிமையாளர். மற்றோரிடத்தில் நிலத்தில் வாழ்ந்தவர் ஒருவர், பட்டாவில் இருந்த பெயர் வேறொன்று. நிர்வாகத் திறமை, விலைவாசி, பயிர்த் தேர்வு எனக் காரணங்கள் இன்னும் பல சொல்லலாம். ஆனால், நட்டம் வந்த நாளில் நட்டத்தோடு வீடும் போகுமா என்பதைத் தீர்மானித்தது அந்த ஒரு தாளே.

இலங்கை மலையகத்திலும் இதே பாடத்தைக் காணலாம். அங்கே 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழரின் குடியுரிமையையே பறித்தது. அச்சிக்கல் முற்றிலும் தீர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டபோதும் லயன் அறை லயன் அறையாகவே இருந்தது. முதலாளி மாறினான், குடியிருப்பவன் நிலை மாறவில்லை. ஏழு பேர்ச் நிலமும் அதற்கு உறுதிப்பத்திரமும் என்னும் கோரிக்கை அண்மைக் காலத்தில்தான் ஓரளவு நிறைவேறத் தொடங்கியது.

மீண்டும் சிரம்பானுக்கு வருவோர், 1990-களை மறக்க முடியாது. நீலாயில் புதிய நகரம் எழுந்தது. 1998-இல் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. ரஹாங்குக்கு அண்மையில், தோட்ட மண்ணாக இருந்த இடத்தில் சிரம்பான் இரண்டு என்னும் நகர் விரிந்தது. ரப்பர் மரங்கள் நின்ற மேடுகள் சமமாக்கப்பட்டு வரிசை வீடுகளும் கடைவீதிகளும் வந்தன. இதனை வளர்ச்சி அன்று என்று எவரும் சொல்ல மாட்டார்கள். தோட்டப் பிள்ளைகள் பலர் அத்தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பெற்று முன்னேறினர். எனினும், அவ்வளர்ச்சியின் கணக்கு வீடிழந்த தொழிலாளிக்கு எவ்வாறு இருந்தது என்று பார்க்க வேண்டும்.

1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்தாண்டுக்குமேல் வேலை செய்தவர் ஆட்குறைப்புச் செய்யப்பட்டால், ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. நாட்சம்பளம் 15 வெள்ளி எனவும் 25 ஆண்டுச் சேவை எனவும் கொண்டால், கைக்கு வருவது 7,500 வெள்ளி. அப்போது மலிவு விலை வீட்டின் விலை 25,000 வெள்ளி. சேமநிதியில் இருந்ததையும் சேர்த்து முன்பணம் கட்டியவர்கள் வீடு பெற்றனர். வயது ஐம்பதைக் கடந்தவர்க்கு வங்கிக் கடன் எளிதன்று. அவர்களில் பலர் புறம்போக்கில் பலகை வீடு கட்டினர், அல்லது பிள்ளைகளின் வாடகை அறைகளில் முடங்கினர். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த வறுமை என்று சமூகவியலார் எழுதுவது இதைத்தான். 2013-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி; 2025-இல் அது 1,700 வெள்ளியாயிற்று. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட தலைமுறைக்கு இவை காலங்கடந்து வந்தன.

கோயில்களும் அந்தத் தொழிலாளியின் விதியையே பகிர்ந்துகொண்டன. அம்மன் எழுந்தருளியிருந்த மண் கம்பெனியின் மண். துரை வாய்மொழியாகக் கொடுத்த இடம். அவர் காலத்தில் அது போதுமானதாக இருந்தது. திருவிழாவுக்கு அவரே வந்து மாலை வாங்கிச் சென்றார். நிலம் கைமாறியபின் அந்த வாய்மொழியை யாரிடம் காட்டுவது? மாற்று நிலம் பேசி, முறைப்படி பதிவு செய்து, குடமுழுக்கு நடத்திய கோயில்கள் நிலைத்தன. பேசுவதற்கு ஆளில்லாமல், கையில் ஒரு கடிதமும் இல்லாமல் நின்றவை செம்பனைக் காட்டுக்குள் விளக்கேற்றுவாரின்றிக் கிடக்கின்றன. ஆலய நிர்வாகக் கூட்டத்தில் நிலப்பட்டா, சங்கப் பதிவு, ஆண்டுக் கணக்கு என்று பேச்செடுத்தால், ‘இது பக்தியா, கந்தோர் வேலையா?’ என்று சலித்துக்கொள்வோர் உண்டு. சலிப்பு இயல்பே. கோபுரத்துக்கு வண்ணம் பூசுவதில் உள்ள மகிழ்ச்சி கோப்பு தைப்பதில் இல்லை.

இறுதியாக ஒரு நடைமுறைச் செய்தி. அந்தப் பத்து வெள்ளி எங்கே இருக்கிறது என்று தெரியாத குடும்பங்கள் இன்றும் பல உள்ளன. தாத்தாவின் இரும்புப் பெட்டியில், பழைய சம்பளச் சீட்டுகளுக்கும் சிவப்பு அடையாள அட்டைக்கும் நடுவே, சங்கத்தின் உறுப்பினர் புத்தகமோ பங்குச் சான்றிதழோ மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். உறுப்பினர் இறந்துவிட்டால் பங்கு அழிந்துவிடுவதில்லை. அவர் நியமித்தவருக்கோ சட்டப்படியான வாரிசுக்கோ அது சேரும். சேமநிதிக்கும் அவ்வாறே. நியமனம் செய்யப்படாத கணக்கில் பணத்தைப் பெற வாரிசுகள் பல அலுவலகங்களுக்கு அலைய நேரிடும்.

அலைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் பெயர். பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் மற்றொரு விதமாகவும் தோட்டக் கிராணி எழுதிய சம்பளப் பதிவேட்டில் வேறு விதமாகவும் உள்ள முனியம்மாக்களும் பெருமாள்களும் இந்நாட்டில் ஏராளம். தந்தை பெயர் முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில். மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கச் சத்தியப் பிரமாணமும், பழைய அடையாள அட்டை எண்ணும், இறப்புச் சான்றிதழும் வேண்டும். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இவற்றைச் சரிபார்த்து, ஒரே உறையில் போட்டு வைப்பது எளிது, இறந்தபின் அரிது. உரிமை கோரப்படாத பணமாக அரசுக் கணக்காயர் துறையின் பதிவில் சேர்ந்துவிட்ட தொகையையும் வாரிசுகள் விண்ணப்பித்துப் பெற வழியுண்டு.

ஆலய மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சமய வகுப்பு நடைபெறுவதைப் போல, மாதம் ஒரு முறை படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர் இருவர் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் போதும். பெட்டியில் உள்ளதைப் பெரியவர்கள் எடுத்து வருவார்கள்.